பூஜை அறையில் சரிகை இருப்பு

ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேரப் போன அன்று அவர் என் மதிப்பெண் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணம் எப்போம்மா?" என்றுதான் கேட்டார். பி.காம். முடித்த கையோடு எங்கள் கிராமமான தாமலில் பஸ் ஏறி, சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வாசலில் போய் நின்றிருந்தேன். கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. கஷ்டப்பட்டு சொல்லிக்கொடுத்து முடிக்கறச்சே பத்திரிகையோட வந்து நிப்பா" என்றார். அவர் எனக்கு முன்னால் எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பிறகு விசாரித்தேன். ஒருத்திகூட இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சி.ஏ. ஆக வேண்டுமென்றால் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் வேலை பழக வேண்டும். முடிந்ததும், இவள் என்னிடம் ஒழுங்காகப் பழகினாள் என்று அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதாவது மூன்று வருடம் நம் குடுமி அவர் கையில். பையன்களுக்கும் அதே விதிதான் என்றாலும், அவர்கள் குடுமியை யாரும் பிடித்து இழுத்துப் பார்க்கவில்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். மற்ற மூன்று பயிற்சிப் பையன்களும் பைக்கில் பட்டுக்கடைக்கும் அரிசி மில்லுக்கும் ஆடிட்டுக்குப் போவார்கள். மாலையில் கடைக்காரர் வாங்கிக் கொடுத்த போண்டாவின் வாசனையோடு திரும்பி வருவார்கள். நான் ஜன்னல் இல்லாத பின் அறையில் அவர்கள் கிறுக்கிக்கொண்டு வந்ததை எல்லாம் டைப் அடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் கிறுக்கலில் கூட்டல் தப்பு இருந்தால் நான்தான் திருத்துவேன். திருத்தியது நான் என்று ஒருவனும் சொன்னதில்லை. எனக்கு அந்த மூன்று பேரையும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது.

ஆபீசில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மாடியில் ஆடிட்டர் வீட்டுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும், அதன் சாவி அவர் மனைவியிடம். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் சாவியைக் கையில் கொடுக்காமல் படிக்கட்டின் மேல் வைத்துவிட்டு, "மறுபடியுமா?" என்று கேட்பாள். கொஞ்ச நாளில் நான் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். என் சிறுநீரகத்தில் பிற்பாடு கல் வந்தபோது டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஆடிட் படித்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

என்னையும் வெளி ஆடிட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஆடிட்டரிடம் ஒரு புதுக் காரணம் தயாராக இருக்கும். பஸ் கிடைக்காது என்பார். கடையில் ஆம்பிளைகளோடு மெத்தையில் உட்கார வேண்டியிருக்கும் என்பார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்ன பிறகு ஒரு நாள் கடைசிக் காரணத்தை எடுத்துவிட்டார்.

"சரக்கெல்லாம் பூஜை ரூம்ல இருக்கும்மா. மாசத்துல மூணு நாள் நீ என்ன பண்ணுவே?"

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். காஞ்சிபுரத்தில் புடவைகள் கடை அலமாரியில் இருக்கும், பட்டு நூல் பின்கட்டில் இருக்கும். சரிகை மட்டும் அப்படி இல்லை. நல்ல சரிகை என்பது வெள்ளியும் தங்கமும் ஏறிய இழை. அதனால் பழைய கடைக்காரர்கள் பலர் அதைச் சரக்காக நினைப்பதில்லை, லட்சுமியாக நினைப்பார்கள். வீட்டுப் பூஜை அறையில் பெட்டியில் வைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே பூச்சரம் போட்டிருப்பார்கள். அந்தச் சரிகையின் பேரில் பாங்கில் கடன் வாங்கியிருப்பார்கள். அது இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை ஆடிட்டர் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இரண்டாம் வருடம் நான் கண்ணால் கண்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் ஆபீசின் பெரிய கட்சிக்காரர் ஒருவருக்குக் கீழே கடை, மாடியில் வீடு. கூட எழுத ஆள் இல்லை என்று ஆடிட்டர் என்னை அழைத்துப் போனார். பூஜை அறை வாசலில் சட்டையைக் கழற்றினார், உள்ளே போனார். பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்தார். முதலாளி அவருக்குத் தீர்த்தம் கொடுத்தார், கற்கண்டு கொடுத்தார். "லட்சுமி மேல உக்காந்துக்கினு இருக்கா சாமி. தொறந்து எட போட்டா அவ எழுந்து போயிடுவா" என்றார். ஆடிட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "எவ்வளவு?" என்று கேட்டார். முதலாளி ஒரு எடையைச் சொன்னார். "எழுதிக்கோம்மா" என்றார் ஆடிட்டர்.

நான் எழுதினேன். பாடப் புத்தகத்தில் சரக்கு சரிபார்ப்பு பற்றி ஓர் அத்தியாயமே மனப்பாடமாக வைத்திருந்தேன். அதில் கற்கண்டு வரவில்லை.

மூன்றாம் வருடம் மார்ச் முப்பத்தொன்று. ஊரில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களுக்கும் அதே ஒரு நாளில்தான் சரக்குக் கணக்கு எடுக்க வேண்டும். பையன்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பியாயிற்று. ஆடிட்டருக்குப் பெருமாள் கோயிலில் ஏதோ கட்டளை, தட்ட முடியாது. பெரிய கட்சிக்காரர் வீட்டுக்கு அனுப்ப என்னைத் தவிர ஆள் இல்லை. காலையிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக என்னிடம் தாளைக் கொடுத்து, "போய் எல்லாம் பார்த்தேன்னு எழுதி, கையெழுத்து வாங்கிண்டு வந்துடு. ஒண்ணும் பேசாதே" என்றார்.

அன்று எனக்குத் தூரம், இரண்டாம் நாள். அதை ஏன் சொல்கிறேன் என்றால் கதையே அதில்தான் இருக்கிறது. மூன்று வருடமும் அந்த நாட்களில் நான் ஆபீசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். சுவாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்தேன், குங்குமம் வைத்த கோப்புகளைத் தொட்டேன், வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் திறக்கமாட்டாள். மாதத்தில் மூன்று நாள் லீவு கேட்டால் அந்த மூன்று நாளோடு வேலையும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கீழே கடையில் புடவைகளை ஒரு வழியாக எண்ணி முடித்தபோது மாலையாகிவிட்டது. முதலாளிக்கு போன் வந்தது, ஏதோ வெளியூர் வியாபாரி. அவர் கைஜாடையில் என்னை மாடிக்குப் போகச் சொன்னார். கற்கண்டு கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். ஒரு டைப்பிஸ்ட் பெண்ணுக்காக போனை வைத்துவிட்டுக் கூடவே வர அவருக்குத் தோன்றவில்லை.

மாடியில் அவர் மனைவி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். பூஜை அறை வாசலை மறித்துக்கொண்டு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஹாலில் இரண்டு கடை ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரியே கேட்டாள்.

"ஏம்மா, நீ உள்ள வரலாமா?"

இல்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டு, கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, போன வருட எடையை எழுதியிருக்கலாம். இன்னும் மூன்று மாதத்தில் படிவத்தில் கையெழுத்தும் கிடைத்திருக்கும். ஆனால் அவள் கேட்ட விதம் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அந்த இரண்டு ஆட்களும் மூட்டையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரக்கூடாது. ரெண்டாம் நாள்" என்றேன், அவளைவிடச் சத்தமாக.

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். "அய்யய்யோ! சொல்லாத கொள்ளாத மேல வந்து நிக்கிறியே! வௌக்கு வெக்கற நேரம் ஆவுது."

"சரக்கு பாக்காம நான் போவ முடியாதும்மா. நீங்க சொல்லுங்க, நான் என்னா பண்றது?"

அவள் தவித்த தவிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் உள்ளே போக முடியாது. சரிகையைப் பார்க்காமல் கிளம்பவும் மாட்டேன் என்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் அந்த ஹாலில் நிற்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகோ, பெட்டி பூஜை அறைப் படியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. அவள் ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள். கீழே போனில் பேசிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டுக் கேட்க நேரமில்லை. எதையோ முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ அங்கியே நில்லு. எதையும் தொடாத. நானே எடுத்தாந்து காட்டிட்றேன், பாத்துட்டு ஒடனே எறங்கிப் போயிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூடப் பிடிக்கச் சொல்லி அந்த இரண்டு ஆட்களையும் கூப்பிட்டாள். அவர்கள் எழுந்து கை கழுவப் போனார்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். கையில் பெட்டி இருந்தது.

தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். துவைத்த துணிக்கூடையை மாடியிலிருந்து எடுத்து வருகிற மாதிரி இடுப்பில் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு வந்தாள். போன வருடம் முதலாளி சொன்ன எடைக்கு அந்தப் பெட்டியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அது எனக்கும் தெரியும், கை கழுவிவிட்டு வந்த ஆட்களுக்கும் தெரியும். சரிகை மூட்டை தூக்கியே தோள் காய்த்தவர்கள் அவர்கள். ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

எல்லோருக்கும் கடைசியாகத்தான் அவளுக்கு உறைத்தது. ஹாலின் பாதியில் நின்றாள். இடுப்பில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள். லேசாக ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். பெட்டியின் சாவி எப்போதும் முதலாளியின் அரைஞாணில்தான் இருக்கும். அவளுடைய பிறந்த வீட்டு நகைகளும் அதே பெட்டிக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வைக்க எழுந்திருக்கவில்லை.

நான் குனிந்து, பெட்டியின் கைப்பிடியில் ஒரு விரலை மாட்டி இழுத்தேன். கூடவே வந்தது. தொடாதே என்று அவள் சொல்லவில்லை.

அப்போது முதலாளி படியேறி வந்தார். பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்ததை அச்சில் போட முடியாது. திறந்து காட்டுங்கள் என்றேன். சாவி தொலைந்துவிட்டது என்றார். அரைஞாணில் தொங்குகிறதே என்றேன். அது வேறு சாவியாம். தாளை எடுத்தேன். சரிகை என்ற இடத்துக்கு எதிரே, பெட்டி திறந்து காட்டப்படவில்லை, எடை பார்க்கவில்லை, காலிப் பெட்டியைப் போல ஒரு விரலால் நகர்ந்தது என்று நின்றபடியே எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

செய்தி எனக்கு முன்னால் தாமலுக்குப் போய்விட்டது. அந்தக் கடை ஆட்களில் ஒருவன் எங்கள் பக்கத்துக்காரன். ஆனால் ஊருக்குள் போன செய்தி பெட்டியைப் பற்றியது அல்ல. பெட்டி காலி என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இன்னார் மகள் நாலு ஆம்பிளைக்கு எதிரில் தூரம் என்று வாய்விட்டுச் சொன்னாள் என்பதுதான் செய்தி.

அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அத்தப் போயி அங்க சொல்லுவியாடி?"

"கேட்டாங்கம்மா. சொன்னேன்."

"கேட்டா இல்லன்னு சொல்றதுதானே? எல்லாரும் இன்னா பண்றோம்? இல்லன்னு சொல்லிட்டு நான் களத்துல எறங்கி எத்தினி நாளு நெல்லு தூத்தியிருப்பேன். அப்ப குலசாமி வந்து என் கைய புடிச்சிச்சா? பொம்பள பொய் சொல்லாத வேல செய்ய முடியுமாடி?"

இந்த அம்மாதான் அந்த நாட்களில் என்னை அடுப்படிப் பக்கம் விடமாட்டாள், தட்டைக்கூடத் தனியாக வைப்பாள். அவளே பொய் சொல்லிக் களத்தில் இறங்கியிருக்கிறாள். அதை என்னிடம் ஒரு வருத்தமும் இல்லாமல் சொல்கிறாள், நான் பொய் சொல்லாததற்கு என்னை ஏசுகிறாள். எனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றது. அதற்கு மட்டும் அந்த முதலாளிக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் ஆபீசுக்குப் போனால் அங்கே முதலாளியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் மூன்று பேரும் வேலை இருப்பது போலக் கதவோரமாக நின்றார்கள். ஆடிட்டரின் மேஜை மேல் நான் எழுதிய தாள் கிடந்தது.

"தீட்டோட அந்தப் பெட்டியைத் தொட்டியா?" என்பதுதான் ஆடிட்டரின் முதல் கேள்வி.

"அது காலியா இருக்குதான்னு நீங்க கேக்கலியே சார்" என்றேன்.

"காலியா! யாரு சொன்னா காலின்னு?" என்று முதலாளி எகிறினார். "எம் பொண்டாட்டி இருக்கா, கேளுங்க சாமி. அவதான் எடுத்தாந்தா."

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தோம். நானும் நம்பிக்கையோடுதான் பார்த்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முந்தின நாள் அவள் தரையில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தவள் நான். வெளியே கிளம்பினால் அந்த வீட்டுப் பெண்கள் கழுத்தில் அடுக்கடுக்காகப் போடுவார்கள். அன்று அவள் கழுத்தில் தாலிக்கொடி மட்டும் கிடந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி அதை மறைத்திருந்தாள்.

"ரெண்டு ஆளு புடிச்சிக்கினுதான் வந்தோம்" என்றாள். "பெட்டி நல்லா கனமாத்தான் இருந்திச்சி."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. அன்று சாயங்காலம் அந்த ஆளோடு அதே மாடிக்குத்தான் அவள் ஏறிப் போக வேண்டும். புரிந்தது என்பதற்காக மன்னிக்க வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? நான் மன்னிக்கவில்லை. தன் நகையைத் தின்றவனுக்காக என் பிழைப்பில் மண்ணைப் போட்டாள்.

முதலாளியும் மனைவியும் போன பிறகு ஆடிட்டர் குரலைத் தணித்துக்கொண்டார். மேஜை இழுப்பறையிலிருந்து என் பயிற்சிப் படிவத்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இங்கே பாரும்மா. நீ கெட்டிக்காரி. பார்த்தேன்னு ஒரு வார்த்தை மாத்தி எழுதிடு. ஜூன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே கையெழுத்துப் போட்டு வெச்சுடறேன். உன் வாழ்க்கை இது. அவன் பெட்டிக்காக நீ ஏன் நாசமாப் போகணும்?"

இதைவிட நியாயமாக அவர் அந்த மூன்று வருடத்தில் என்னிடம் பேசியதில்லை. படிவம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் கிடந்த மூன்று வருடமும் அதில் இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. இந்தப் பையன்கள் முன்னால் அழுதால் அதையும் சேர்த்து ஊருக்குச் சொல்வார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வாயைத் திறந்தேன்.

"நான் எழுத மாட்டேன் சார். நீங்க எழுதிக்குங்க. சேவிச்சிட்டு எழுதறது உங்களுக்குதான் பழக்கம்."

பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். ஆடிட்டர் முகம் சிவந்து, படிவத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். என் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். புதுத் தாள் எடுத்து, என் கண் முன்னாலேயே, போன வருட எடைக்கு மேல் கொஞ்சம் கூட்டி எழுதி, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டார். அவருக்கு அன்று கற்கண்டுகூடத் தேவைப்படவில்லை.

அவர் எனக்குக் கையெழுத்துப் போடவே இல்லை. மாசக்கணக்கில் நடந்தேன். மாடிப்படியில் காத்திருந்தேன், அப்பாவை அனுப்பினேன், சி.ஏ. பரீட்சை நடத்துகிற இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதினேன். கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று, வேறு ஆடிட்டரிடம் மாறிப் போக அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு வருடத்தை விழுங்கிவிட்டார். அந்த வருடம் நான் சரியாக வேலைக்கு வரவில்லை என்று எழுதினார். சென்னையில் ஒரு புது இடத்தில், எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத் திரும்பவும் ஒரு வருடம் பழகினேன். விடியுமுன் தாமலில் பஸ் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பினேன். பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன், மூன்றாம் முறை தேறினேன்.

சென்னையிலேயே இருந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. என்னை ஓட்டிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. காஞ்சிபுரத்திலேயே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை பிடித்து போர்டு மாட்டினேன். முதல் வேலையாக அங்கே ஒரு கழிப்பறை கட்டினேன். போர்டு மாட்டிய வாரமே ஆடிட்டர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: "இந்த ஊர்ல ஒரு பட்டுக்கடைக்காரன் உன் படி ஏறமாட்டான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒருவனும் ஏறவில்லை. கூரத்தில் ஒரு நர்சரிப் பள்ளி, மாகறல் பக்கம் சில மகளிர் குழுக்கள், ஒரு செங்கல் சூளை, அவ்வளவுதான் என் கட்சிக்காரர்கள். தெருவில் எதிரே வரும் கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் ஓரம் ஒதுங்குவார்கள். கோயிலில் பார்த்தால், இவள் இன்றைக்கு உள்ளே வரலாமா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. மூன்று வருடம் வாடகைக்கு அம்மாவிடம்தான் கை நீட்டினேன். அவளும் கொடுக்கும்போதெல்லாம், "ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா" என்று ஆரம்பிப்பாள்.

அந்த முதலாளி அழிந்துபோனார், நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நல்ல முகூர்த்த வருடம் ஒன்று வந்தது, பட்டு எக்கச்சக்கமாக விற்றது, எங்கேயோ புரட்டி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டார். கடைக்கு ஏ.சி. போட்டு, மேலே இன்னொரு மாடி எழுப்பினார். அவர் மனைவியைக் கடைத்தெருவில் ஒரு முறை பார்த்தேன், கழுத்து நிறைய நகை. என்னைப் பார்த்ததும் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஆனால் எல்லாக் கடைக்காரர்களுக்கும் அந்த யோகம் அடிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று கடைகள் இரவோடு இரவாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போயின. பாங்க் போய்த் திறந்து பார்த்தால், ஆடிட்டர்கள் கண்ணால் பார்த்ததாக எழுதிய சரக்கில் பாதிகூட இல்லை. கடன் கொடுத்த மேனேஜரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டு, அவர் இடத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவரைப் போட்டார்கள்.

அந்தப் புது மேனேஜர் பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம் என் அறைக்குப் படியேறி வந்தார். சிரித்த முகம் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். கடன் வாங்கின எல்லாக் கடையிலும் இந்த வருடம் சரக்கு எண்ணித் தர வேண்டும், முடியுமா என்று கேட்டார்.

இந்த ஊரில் யாரும் என்னைச் சிபாரிசு செய்யமாட்டார்களே, என் பெயரை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன். சந்தேகமாகத்தான் கேட்டேன். ஆடிட்டர்தான் வேடிக்கை பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"சிபாரிசு எதுவும் இல்லை மேடம்" என்றார். "எந்த ஆடிட்டரை அனுப்பட்டும்னு கடைக்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆளுக்கு ஒரு பேர் சொன்னாங்க. சரி, யாரை அனுப்பவே கூடாதுன்னு கேட்டேன். அதுக்கு எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க."

அந்த வருடம் மார்ச் கடைசியில் எனக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கவில்லை.